மீன்காரர் சொன்ன கடை நம்பர்

தாம்பரத்தில் ரயிலேறி என் எதிரே உட்கார்ந்த அம்மா, கூட வந்த தோழியிடம் சொன்னார்: "ஒரு வருஷமா என் கடைக்கு வந்த போனையெல்லாம் கோவளத்துல ஒரு மீன்காரர்தான் எடுத்திருக்கார்."

வீல்சேர், நோயாளிகளுக்கான கட்டில் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கும் கடை அவருடையது.

"எப்படிக்கா?"

"வெப்சைட்ல பழைய நம்பரே இருந்திருக்கு. அந்த நம்பர் இப்போ அவர்கிட்ட. வருஷா வருஷம் சரிபார்ப்பேன், போன வருஷம் விட்டுட்டேன். இந்தத் தடவை அதுக்குப் போன் போட்டுப் பார்த்தா, 'வீல்சேராம்மா? நம்பர் மாறிப்போச்சு, எழுதிக்கோ'ன்னு என் புது நம்பரையே எனக்குச் சொல்றார்."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"தாம்பரம் வந்தப்போ கடை போர்டைப் பார்த்து எழுதிக்கிட்டாராம். கடை பூட்டியிருந்துச்சாம்."

"நல்ல மனுஷன்."

"அன்னைக்கே நம்பரை மாத்திட்டேன். ஞாயித்துக்கிழமை நேர்ல போய் நன்றி சொன்னேன். 'அத்த வுடும்மா. ஒரு பொண்ணு அப்பாவுக்குக் கட்டில் வோணும்னு அழுதுகினே பேசுச்சே, கெடச்சுதா?'ன்னு கேட்டார்."

"கெடச்சுதா?"

"கெடச்சுது, அந்தப் பொண்ணோட அப்பா இப்போ எழுந்து நடக்குறார்னு சொன்னேன். மீன்காரர் கூடையைக் கீழ வெச்சுட்டு, கடலைப் பார்த்துக் கும்பிட்டார்."