மூச்சுப் பை

— அப்ப நெசமாலுமே இனி ஓடவே முடியாதுங்களா, சின்னப் பண்ணாடி?

— ஓடறதா? கெணத்து மேட்டு வரைக்கும் நடக்கப்படாதுன்னு சொல்லிப்போட்டாருடா ஆசுபத்திரி டாக்டரு. இருதயம் வீங்கிப் போச்சாமா. இந்தக் காளிச்சாமிக்கு இனிக் கட்டுலுதான். சன்னலைப் புடிச்சுட்டு நிக்காதே மயிலா, எங்கம்மா பாத்தா உன்னைத்தான் வைவா.

— தள்ளித்தானுங்க நிக்கறேன். நொங்கு கொண்டாந்தேனுங்க. சீவாம முழுசா வெச்சிருக்கறேன், பண்ணாடிச்சியம்மாவே சீவிக் குடுக்கட்டுங்க.

— வெச்சுட்டுப் போ.

— போறனுங்க. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறனுங்க. கோச்சுக்கப்படாது.

— கோச்சுக்கறதுக்குக் கூட மூச்சு வேணும்டா. கேளு.

— மேட்டுப்பாளையம் ஓட்டப் பந்தயத்துக்கு மில்லுல ஆள் பொறுக்க வந்த டாக்டர் கோவிந்தராஜுலு சீமையில படிச்சவருங்க. மூக்குக்கு இடுக்கி போட்டு அடைச்சு, வாய்ல ரப்பர் குழாயக் குடுத்து, முதுகுல கித்தான் பையக் கட்டி, மில்லு மைதானத்தச் சுத்தி நம்ம ரெண்டு பேத்தையும் ஓட உட்டாரு. உட்ட மூச்சையெல்லாம் பையில புடிச்சு அளந்து பாத்தாரு. அத்தனை செஞ்ச மனுசன், உங்களுக்கு மட்டும் எப்படிங்க கணக்குத் தப்புனாரு?

— உன்னைப் பத்தி என்னடா சொன்னாரு?

— ‘உன் அடுப்பு வெறகை அள்ளி அள்ளித் திங்குது, மேட்டுப்பாளையம் ஓட்டத்துக்குத் தாங்காது’ன்னாருங்க. உங்க பையில மூச்சு கம்மியாத்தான் சேந்திருக்குதுன்னு உங்களைத்தான் தூக்கி வெச்சுப் பேசுனாரு. ஒரு கைச் சுள்ளியில ஒரு பானைச் சோறு பொங்கற ஒடம்பாமுங்க.

— அதைக் கேட்டு எங்கய்யன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரு. இந்த ஒடம்புக்கு எத்தனை ஓட்டம் குடுத்தாலும் போதாதுன்னு டாக்டரு ரெட்டிப்பாக்கிப்போட்டாரு. உச்சி வெயில்ல ஓட உட்டாரு. நெஞ்சு அடைக்குதுங்கன்னு சொன்னேன். ‘நெஞ்சு சொல்றது பயம், பை சொல்றதுதான் நெசம்’னு சிரிச்சாரு. காரமடையில உழுந்தப்ப ரோட்டுக் கல்லைப் புடிச்சுட்டுக் கெடந்தேன். வண்டிக்காரரு ஒருத்தரு பருத்தி மூட்டை மேல போட்டுக் கொண்டாந்து சேத்தாரு.

— ஐயோ சாமி.

— நீ கேக்க வந்தது அது இல்லை. கேளுடா.

— சொன்னாத் தப்பா நெனைக்காதீங்க. பந்தயத்துல உங்க எடம் இப்பக் காலியாத்தானுங்க இருக்குது. ஓடற ஆளுக்குப் புது மில்லுல வேலைன்னு மொதலாளி சொல்லியிருக்கறாருங்க. உங்கூட்டுப் பண்ணையத்த உட்டுப்போட்டு மில்லுக்குப் போயரலாம், நம்ம புள்ளைகளாச்சும் சாணி அள்ளாம இருக்கட்டும்னு எம்பட பொண்டாட்டி கருப்பாத்தாகிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா டாக்டரு என்னை மறுக்கா அளந்து பாப்பாருங்க.

— டாக்டரு எங்கடா இருக்கறாரு? காலைல ரயிலுக்கே போயிட்டாரு. போறப்ப கித்தான் பையக் கத்தியில கிழிச்சு மில்லு வாசல்லயே போட்டுட்டாராமா. இனி நம்ம மில்லுப் பேருல ஆரும் ஓட வேண்டாம்னு மொதலாளியும் சொல்லிப்போட்டாரு.

— பந்தயமே இல்லீங்களா?

— இல்லை.

— அப்ப வேலை?

— அதுவுந்தான். எனக்கும் போச்சு, உனக்கும் போச்சு.

— கருப்பாத்தாகிட்ட என்னன்னுங்க போய்ச் சொல்லுவேன்?

— மயிலா, சின்னதுல இருந்து வாய்க்கா மேட்டுல எம்பட பொறத்தாலயே ஓடுவியே, ஒரு நாளாச்சும் என்னைத் தாண்டியிருக்கறயாடா?

— பண்ணாடிக்கு முன்னால ஓடுனா எங்கய்யன் தோலை உரிச்சுப்போடுமுங்க.

— தாண்ட முடியும்னு எனக்குத் தெரியும். உன் காலடிச் சத்தம் எப்பவும் வேகத்தை அடக்குனாப்பலத்தான் கேக்கும். அது தெரிஞ்சுதான்டா எனக்கு வயித்தெரிச்சலு.

— இப்ப எதுக்குங்க அதெல்லாம்? மூச்சு வாங்குது பாருங்க.

— வாங்கட்டும். பையில அவரு அளந்தது எம்பட மூச்சுல பாதிதான்டா. மீதி வெளிய போயிருச்சு.

— எப்படிங்க? ‘ஒதட்டை இறுக்கிக் கவ்வு, காத்து ஒழுகப்படாது’ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாருங்களே.

— எப்படிடா கவ்வறது? எனக்கு முந்தி ஓடுனது நீ. குழாய வாய்ல இருந்து எடுத்தப்ப எச்சில் நூலாட்டத் தொங்குச்சு. அதைப் பாக்கமாட்டாம மூஞ்சிய அந்தாண்ட திருப்பிட்டேன். அப்பறம் குழாயக் கையில குடுத்தாரு. வேர்வை தொடைக்கறாப்பல துண்டு முனைய அதுமேல சுத்தி, துணியத்தான் கடிச்சுட்டு ஓடுனேன். துணி வழியா புசுபுசுன்னு காத்து போறது எனக்கே தெரிஞ்சுது.

— எம்பட எச்சிலுக்குங்களா?

— ஆமாடா. அன்னைக்கு ராத்திரியே டாக்டருகிட்டச் சொல்லிரலாம்னு இருந்தேன். சொன்னா மறுக்கா அளப்பாரு, அளந்தா பந்தயத்துக்கு உன்னைத்தான் எடுத்துக்குவாருன்னு தோணுச்சு. வாய மூடிட்டேன்.

— நான் கெளம்பறனுங்க.

— கெளம்பாதேடா. வைய்யி. பண்ணாடின்னு பாக்காதே. இன்னைக்கு ஒரு நாளைக்கு நல்லா வைய்யி, கேட்டுக்கறேன்.

— வையறதுக்கு வாய் வரலீங்க. நீங்க அந்தாண்ட திரும்பாம இருந்திருக்கலாமுங்க.

— திரும்பாம இருந்தா என்னத்தடா பாத்திருப்பேன்?

— டாக்டரு நம்மூரு வழக்கம் தெரிஞ்சவருங்க. எம்பட குழாயக் கழட்டி எங்கையிலயே குடுத்து, ‘ஆருகிட்டயும் காட்டாதே, நீயே வெச்சுக்கோ’ன்னாருங்க. அது எங்கூட்டுக் கூரையில சொருகிக் கெடக்குதுங்க. உங்க கையில குடுத்தது பொட்டியில இருந்து பிரிச்ச புதுக் குழாயிங்க, சின்னப் பண்ணாடி.