பன்னெண்டு மணிக்குப் பூட்டின கோபுரம்

பன்னெண்டுன்னா பன்னெண்டுதான் தம்பி. தள்ளிப் பாக்காதீங்க, அசையாது. ராஜா காலத்துல ஒரு படையே வந்து இடிச்சுப் பாத்த கதவு அது, உங்க ஒரு தோளுக்கா திறக்கப்போகுது. காவல்காரர் சாப்பிடப் போயிட்டார். ரெண்டு மணிக்குத்தான் வருவார். வீட்டுல கன்னுக்குட்டிக் கறி வெந்துட்டிருக்காம், ஆறிப்போனா பொண்டாட்டி மூஞ்சியத் தூக்கிப்பாளாம்... எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லிட்டுத்தான் பூட்டினார். அதைக் குத்தம் சொல்லமுடியுமா? மனுஷன்னா சாப்பிடணும். சைக்கிளை மரத்துல சாய்ச்சுட்டு இப்படி உக்காருங்க. இங்க நிழல் இந்த ஒரு பெஞ்சுலதான்.

காலையிலேர்ந்து இது மூணாவது கோட்டை. என் முட்டியக் கேட்டீங்கன்னா சொல்லும். வீட்டுக்காரர் ஜில்பேர் கெட்டிக்காரர், ரெண்டாவதோட நிறுத்திக்கிட்டார். அதோ, அந்த நீலக் கார்ல சீட்டைச் சாய்ச்சுத் தூங்கறது அவர்தான். நான்தான் மகள் அனூக்கையும் மாப்பிள்ளை தெபோவையும் இழுத்துக்கிட்டு அலையறேன். இழுத்துக்கிட்டுன்னு சும்மா சொல்லலை. மூணு வாரமா ரெண்டு பேரும் பேசிக்கறதில்லை. கார்ல அவ இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம், நடுவுல நான். "அம்மா, அந்த ஜன்னலைக் கொஞ்சம் ஏத்தச் சொல்லுங்க." "அத்தை, எனக்கு வேர்க்குதுன்னு சொல்லுங்க." ஒரு முழங்கை தூரம்தான் தம்பி. அதுக்கு நான் தபால்காரி.

என்ன சண்டையா? அவளுக்கு வடக்க, தூரத்துல, லீல் நகரத்துல வேலை கிடைச்சிருக்கு. நல்ல வேலை. இவன் நம்ம ஆத்தங்கரைய விட்டு நகரமாட்டேங்கறான். படகு செய்யறவன், பாவம், அங்க போய் எதை மிதக்கவிடுவான்? போகாதேன்னு இவன் சொல்லலை. கூட வான்னு அவ கேக்கலை. கேட்டா மரியாதை போயிடுமாம். நாளைக்குக் காலையில ரயில். ஒரு டிக்கெட்.

அதான் இன்னிக்கு ஒருநாள் வெளிய போலாம்னேன். எனக்கு அப்பாவைப் பெத்த தாத்தாவையே தெரியாது, செத்த ராஜாக்களைப் பத்தி எனக்கென்ன வந்துது... முதல்ல சம்போர் கோட்டைக்குப் போனோம். போனது தப்பு. அங்க ஒண்ணைச் சுத்தி ஒண்ணா ரெண்டு மாடிப்படி. ஏறறவங்களும் இறங்கறவங்களும் பாத்துக்கலாம், முட்டிக்கமாட்டாங்க. அவ ஒரு படியில ஏறினா, அவன் இன்னொண்ணுல. எனக்கு எரிச்சலான எரிச்சல். ரெண்டாவது கோட்டை, ஆத்து மேல நிக்குமே, அது. ராஜா வைப்பாட்டிக்குக் குடுத்தது, அவர் கண்ணை மூடினதும் ராணி பிடுங்கிக்கிட்டது. "அம்மா, ராணி யாரையும் கெஞ்சலை பாத்தீங்களா"ன்னா இவ. "அத்தை, ராணியை யாரும் ரயில் ஏத்திவிடலை"ன்னான் அவன். அதையும் நான்தான் சொல்லணுமாம்.

இங்க அந்த வம்பே இல்லை. ஒரே கோபுரம், ஒரே படி, ஒரே கதவு. போன வியாழக்கிழமையே வந்து பாத்துட்டுப் போனேன்... சும்மா, வழி தெரியணுமில்ல.

பசிக்குதா? எனக்கும்தான். இந்தக் கூடையைப் பாருங்க. கடுகு விழுது ஒரு பாட்டில், நாலு கைத்துண்டு. அவ்வளவுதான். கோழி, ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ், ஒயின், எல்லாம் தெபோவோட தோள்பையில மேல போயிடுச்சு. வெயில்ல கார்ல இருந்தா கெட்டுடும்னு நான்தான் தூக்கிட்டுப் போகச் சொன்னேன். ஆமா, மேலதான் இருக்காங்க. ரெண்டு பேரும்.

உக்காருங்க, உக்காருங்க. எங்க எழுந்துக்கறீங்க? அந்தப் பலகையில இருக்கறது ஊராட்சி நம்பர். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஊராட்சியில யார் எடுப்பா? மேல அடைபட்டிருக்கறவங்க ஃபோன் பண்ண முடியாது. அவளோடது என் கைப்பையில, அவனோடது கார்ல சார்ஜ்ல... நீங்க ஏன் என்னை அப்படிப் பாக்கறீங்க?

சரி, உங்ககிட்ட என்ன மறைக்க. ஊர் பேர் தெரியாத ஆள் நீங்க. அந்த மனுஷர் சாவியும் கையுமா நின்னு கேட்டார். "மேல யாராவது இருக்காங்களாம்மா?" நான் யாருமில்லைன்னேன். அவருக்குக் கறி ஞாபகம், படியேறிப் பாக்கத் தோணலை. முதல்ல கொஞ்சம் உறுத்துச்சு. ரெண்டு மணி நேரம்தானேன்னு இருந்துட்டேன். ராஜாக்கள் இங்க ஆளுங்களை வருஷக்கணக்குல பூட்டிவச்சிருக்காங்க, அதுக்கு மட்டும் டிக்கெட் வாங்கிட்டு வந்து பாக்கறோம்.

ஷ்... கேக்குதா? அவ கத்தறா. "நீ ஒரு தடவை வாயத் தொறந்து சொன்னியா?" நல்லா கத்தறா. ம்... இது அவன். "நீ கேட்டியா?" அத்தைன்னு சொல்லலை பாத்தீங்களா? அம்மான்னும் யாரும் கூப்பிடலை. மூணு வாரத்துல இப்பத்தான் எனக்கு வேலை இல்லை.

இப்ப ஓஞ்சுபோச்சு. இவ்வளவு நேரம் சத்தமே இல்லைன்னா... தம்பி, நீங்க எட்டிப் பாருங்களேன், எனக்குக் கண் கூசுது. அந்த மேல் ஜன்னல்ல என்ன தொங்குது? கயிறா? கயிறு ஏது அவங்ககிட்ட?

அடக்கடவுளே. அது அனூக்கோட சால்வை. அதுக்குக் கீழ கட்டியிருக்கறது தெபோவோட பெல்ட். அந்த முடிச்சைப் பாருங்க, படகுக்காரன் முடிச்சு. இவ புடிச்சு இழுத்துக் குடுக்காம அப்படி இறுகாது.

என்ன கேக்கறாங்க? ஒயின் பாட்டில் திறக்கற கார்க் ஓப்பனரா... ஐயோ, அது இங்க கைத்துண்டுக்கு அடியில இருக்கு. எல்லாத்தையும் யோசிச்சேன், இதை விட்டுட்டேனே. இந்தாங்க, நீங்க உயரமா இருக்கீங்க, நீங்களே பெல்ட்டுல மாட்டிவிடுங்க.

இருங்க, இருங்க, அவசரம் என்ன. இன்னும் ஒரு தடவை ரெண்டு பேரும் சேர்ந்து கேக்கட்டும்.