செல்விக்கான ஜெபம்

புத்தூரிலிருந்து திருப்பதி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர். இளையவள் சொன்னாள்:

“எனக்காக ஜெபம் பண்றத நிறுத்திடுக்கா.”

“எப்பிடி செல்வி? தெனம் அஞ்சு பேருக்கு ஜெபிக்கிறதா புது வருஷ ஆராதனைல தீர்மானம் எடுத்துக்கினேன்.”

“‘ஆண்டவரே, செல்வியோட கோவத்த எடுத்துப்போடும்’னு காலீல சத்தமா சொல்ற. செவுத்துக்கு இந்தாண்ட என் மாமியா ஆமென் போடுது. வூட்ல எனக்கு இன்னா மரியாத?”

மூத்தவள் கேட்டாள்:

“சரி, கோவம் கொறஞ்சுதா?”

“கொறஞ்சுதான் இருக்குது. இல்லன்னா போன மாசமே உன் வாசல்ல வந்து நின்னு கத்தியிருப்பேன்.”

“அப்ப நிறுத்தவா?”

செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“பண்ணு. உள் ரூம்ல கதவ சாத்திக்கினு பண்ணு.”