விருந்துக்கு நல்ல பாட்டு

இல்லக்கா, நீங்களே நியாயம் சொல்லுங்க. இருபத்தியேழு பாட்டு. ஒவ்வொண்ணையும் எங்க தேடினேன், எப்படிப் புடிச்சேன்னு எனக்குத்தான் தெரியும். அத்தனையையும் வாங்கிக்கிட்டு ஒருத்தி முப்பத்தோரு நாளா போனையே எடுக்கலன்னா அதுக்கு என்ன பேரு? நீங்க பெரியவங்க, சொல்லுங்க.

இருங்க, இந்த மூட்டைய மடியில வெச்சுக்கறேன். டாக்ஸில இடமே இல்ல, உங்க காலை இடிக்குது. உள்ள சட்டைதான் இருக்கு. பெர்மெட்டோட குழந்தைக்கு. நாப்பதாம் நாள் போடுற சட்டைக்கா, நாப்பது வீட்ல துண்டுத்துணி கேட்டு வாங்கித் தெச்சது. பிஷ்கெக்ல நாப்பது வீட்டுக் கதவத் தட்டுறதுன்னா சும்மாவா? பாதிப்பேரு நான் ஏதோ விக்க வந்துருக்கேன்னு நெனச்சு கதவையே திறக்கல. நாலாவது மாடில ஒரு ரஷ்யக்காரம்மா, எதுக்குன்னுகூடக் கேக்காம ஜன்னல் திரையக் கிழிச்சுக் குடுத்துட்டாங்க. இப்ப அவங்க வீட்ல வெயில் அடிக்குமேன்னு எனக்குக் கவலை... என்ன சொல்லிட்டிருந்தேன்?

ஆங், பெர்மெட். எட்டு வருஷம் தையல் பட்டறைல பக்கத்துப் பக்கத்து மெஷின்க்கா நாங்க. அவ கை தைப்பா, நான் காலர் தைப்பேன். ஒரே இயர்போன், அவளுக்கு ஒரு காது, எனக்கு ஒரு காது. ரெண்டு பேருல யாருக்கு மொதல்ல குழந்தை பொறந்தாலும் இன்னொருத்திதான் அதுக்குத் தொப்புளம்மான்னு அப்பவே முடிவு பண்ணினோம். தொப்புளம்மாதானே மொத சட்டை போட்டுவிடணும். அது இன்னிக்குத்தான். இன்னிக்கு விட்டா வேற நாள் கெடையாது. ஆனா பாருங்க, என்னை வான்னு ஒரு வார்த்தை சொல்லல. அவ மாமியாரோட தங்கச்சி நான் போடுறேன்னு தயாரா நிக்கிறாளாம். அந்தம்மாவுக்கு ஊசில நூல் கோக்கத் தெரியாது.

குருத் சாப்பிடுறீங்களா? நானே உருட்டிக் காயவெச்ச தயிர், சாப்பிடுங்க, உப்பு கம்மிதான். டிரைவர் அண்ணனுக்கும் ரெண்டு குடுங்க. அண்ணே, வளைவுல கொஞ்சம் மெதுவாப் போங்க, எனக்கு அவசரமே இல்ல.

அந்தப் பாட்டு விஷயம் என்னன்னா, பிள்ளை பெத்தவ நாப்பது நாள் வீட்டுக்குள்ளயே கெடக்கணும், வெளியாள் யாரும் அவ ரூமுக்குள்ள போகக்கூடாது, சரி. வழக்கம், நான் என்ன சொல்ல. ஆனா பெர்மெட் சும்மா உக்காரத் தெரியாதவக்கா. அவ ஊர்ல நெட்டும் கெடையாது. அந்த சிக்னல் மலைக்கு இந்தப் பக்கமே நின்னுக்கும், அங்க போன்ல பேச மட்டும்தான் முடியும். அதான் ஒரு பென் டிரைவ்ல பாட்டு போட்டு அனுப்பலாம்னு தோணிச்சு. அவ ரூம்ல ஒரு சின்ன ரேடியோ இருக்கு, அதுல சொருகலாம். மூணு ராத்திரி உக்காந்து சேத்தேன். எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டுன்னு மாத்தி மாத்தி வெச்சேன். சோகப்பாட்டு ரெண்டு அடுத்தடுத்து வந்தா அவ மூக்கை உறிஞ்ச ஆரம்பிச்சுருவா. அதனால ஒரு சோகம், ரெண்டு ஆட்டம். எங்க பட்டறைல மின்சாரம் போனா நாங்க எல்லாரும் பாடுவோமே, அதைக்கூட ஒருநாள் போன்ல பதிஞ்சு வெச்சிருந்தேன், அதையும் போட்டேன்.

நடுநடுவுல நான் பேசினேன்தான். அது எங்களுக்குள்ள பழக்கம்க்கா. ஒவ்வொரு பொறந்தநாளுக்கும் அவ எனக்கு, நான் அவளுக்கு, ரேடியோக்காரங்க மாதிரி. 'வணக்கம் நேயர்களே, உங்கள் சல்தனத் பேசுகிறேன்'னு. அதுல என்ன தப்பு?

ஏன் அப்படிப் பாக்குறீங்க?

தப்பு மெலிஸ் மேல. அவ புருஷன். பொட்டலத்த இதே மாதிரி டாக்ஸிக்காரர் ஒருத்தர்கிட்ட குடுத்தனுப்பினேன், அவன் வாங்கினான். வாங்கினவன் பொண்டாட்டிகிட்ட குடுக்கணுமா வேண்டாமா? ஒன்பதாம் நாள் விருந்து. வீடு நெறைய சொந்தக்காரங்க. நாப்பது, அம்பது பேரு. நேரா கொண்டுபோய்ப் பெரிய ஸ்பீக்கர்ல சொருகிட்டான்க்கா. கல்யாணத்துக்கெல்லாம் வைப்பாங்களே, ஆள் உயரம், அதுல.

மொத ரெண்டு பாட்டுக்கு எல்லாரும் எழுந்து ஆடினாங்களாம். மாமியாரும் ஆடினாங்களாம், சோனுன்பூபு அம்மா, அந்த முட்டிவலிய வெச்சுக்கிட்டு. மூணாவதா நான் வந்தேன்.

நான் ஒண்ணும் பெருசா சொல்லலக்கா. உன் மாமியார் சுடுற போர்சோக் மாவுத்துண்ட எண்ணெயிலேருந்து எடுத்தா கதவுக்கு முட்டுக்குடுக்கலாம், மெல்ல முடியாதுன்னேன். ஆட்டுக்குடல் கழுவுற நாள்ல மட்டும் அந்தம்மாவுக்கு இடுப்புப் புடிச்சுக்கும்னேன். ஊரே சிரிச்சுதாம். சும்மா இல்ல, எதிர்வீட்டுப் பாட்டன் பல்செட்டு கீழ விழுற அளவுக்குச் சிரிச்சாராம். இடுப்பு விஷயத்துல அந்தம்மாவே சிரிச்சாங்கன்னு மெலிஸ் போன்ல சொன்னான். அப்படின்னா கோபம் அவங்களுக்கில்லதானே? நான் அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தேன், இத்தனை நாளா.

டீ இருக்கா அந்த பிளாஸ்க்ல? அரை மூடி போதும்.

மெலிஸ நான் திட்டினேன். நல்லா திட்டினேன். ஏன்டா விருந்துல போட்டன்னு. அவன் பாவம், ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான். பொட்டலத்து மேல அப்படித்தானே எழுதியிருந்துதுன்னான்.

ஆமா. எழுதியிருந்துது. 'விருந்துக்கு நல்ல பாட்டு'ன்னு கொட்டை எழுத்துல. நான்தான் எழுதினேன். வேற என்னக்கா எழுதறது? பச்ச உடம்புக்காரி பாட்டுக் கேக்குறதான்னு மாமியார் புடுங்கி வெச்சுட்டா? அதான் ஒரு மறைப்புக்கு. விருந்துக்குன்னா பத்திரமா உள்ள போகும், பெர்மெட் என் கையெழுத்தப் பாத்ததும் எடுத்து ஒளிச்சுக்குவான்னு கணக்குப் போட்டேன். பொட்டலம் அவ கண்ணுலயே படாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

நீங்க சிரிக்கல. எல்லாரும் இந்த எடத்துல சிரிச்சாங்க. பட்டறைல சொன்னப்போ மேஸ்திரிகூடச் சிரிச்சார்.

சரி, நாலாவது பாட்டுக்கு அப்புறம் இன்னொரு வாட்டி பேசினேன். இதை நான் பட்டறைல சொல்லல.

குழந்தை பொறந்த மூணாம் நாள் அவ எனக்குப் போன் பண்ணினா. ஒரே அழுகை. குழந்தையக் கையில வாங்கவே பயமா இருக்கு, கீழ போட்டுருவேன்னு தோணுது, மூச்சு விடுதா விடுதான்னு பாத்துக்கிட்டே உக்காந்துருக்கேன், இதை யார்கிட்டயும் சொல்லிராதடின்னா. நான் யார்கிட்டயும் சொல்லலக்கா. அவகிட்டதான் சொன்னேன், பாட்டுக்கு நடுவுல. 'குழந்தையத் தூக்கவே பயமா இருக்குன்னு அழுதியே, அட போடி, பெத்தவளுக்கு என்ன பயம், துணிமூட்டையத் தோள்ல போட்டுக்கிட்டு மாடி ஏறினவதானே நீ'ன்னு சொல்லிட்டுச் சிரிச்சேன். சிரிப்பும் பதிஞ்சுருக்கு.

அப்ப அவ கையில டீத்தட்டோட வாசப்படில நின்னாளாம். யாரும் சிரிக்கலயாம். மெலிஸ் ஓடிப்போய்ப் பிளக்கப் புடுங்கினான். அதுக்குள்ள எல்லாம் கேட்டாச்சு.

அவ பயத்தச் சொன்னா, நான் பாட்டுப் போட்டேன். அவ்வளவுதான்க்கா நடந்துது.

இதோ, இந்த நீலக் கேட்டுதான். அண்ணே, நிறுத்துங்க... வேண்டாம், கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. இல்ல, நான் இறங்கல. இந்தச் சட்டைய மட்டும் நீங்க குடுத்துட்டு வந்துருவீங்களா? தெருவுல கெடந்துதுன்னு சொன்னாலும் பரவால்ல. இந்த வண்டி போற நாரின் டவுன் வரைக்கும் வந்து, அங்கேருந்து வேற வண்டி புடிச்சுத் திரும்பிப் போயிடறேன்.

அக்கா, எங்க போறீங்க? சட்டைய விட்டுட்டுப் போறீங்களே. கேட்டத் தட்டாதீங்க... தட்டிட்டாங்க. ஐயோ, மாமியார்தான் வராங்க. கையில கரண்டி. என்னத்தச் சொல்றாங்க இவங்க அந்தம்மா காதுல? வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல, இப்ப மூச்சு விடாமப் பேசுறாங்க. அண்ணே, வண்டிய எடுங்க. எடுங்கன்னா. என்ன அண்ணே, சிகரெட்டு பத்தவெக்க இதுவா நேரம்?

அவ வரா. எளச்சுட்டா. தலைகூடச் சீவல.

பெர்மெட், நான்... இல்ல, உள்ள வரல, சும்மா இந்த வழியாப் போனேன். அப்படிப் பாக்காதடி. தெரியும். நான் சிரிச்சிருக்கக் கூடாது. ஏய், என்ன பண்ற, குழந்தைய ஜன்னல் வழியாவா... இரு, இரு, எனக்குப் புடிக்கத் தெரியாது. பெர்மெட்? ஏய், எங்க போற?

அண்ணே, உள்ள போயிட்டா. ஒரே ஒரு வார்த்தை, 'பிடி'ன்னா. கேட்ட சாத்தல, தெறந்துதான் இருக்கு. அந்தக்காவ மாமியார் டீ குடிக்கக் கூட்டிட்டுப் போறாங்க. என்னை யாரும் கூப்பிடலயே. தலை ஆடுது அண்ணே, இதுக்குக் கழுத்தே இல்ல. கைய எங்க வைக்கறது? இவ்வளவு லேசா இருக்கே, மூச்சு விடுதா இது? நெஞ்சு அசையுதான்னு நீங்களும் பாருங்க. ஹாரன் அடிச்சுராதீங்க.

பெர்மெட்... வெளிய வாடி. எனக்குப் பயமா இருக்கு.