கட்சியிடமிருந்து வந்த பதில்

இடது தோள் இன்று கொஞ்சம் அதிகமாக வலிக்கிறது, ஐயா. காலையில் கிடங்கில் சிமெண்ட் இறக்கினேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழுவேலையில் உன் பங்கு என்ன, அதில் என்ன கற்றாய் என்று ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதச் சொன்னீர்கள். நெட்டையன் நேற்றே கொடுத்துவிட்டான். என் பங்கு சின்னது.

குழுவில் மூன்று பேர். பக்கத்து நாட்டை ஆளும் தொழிலாளர் கட்சி எங்களுக்குத் தலைப்பாக விழுந்தது. கட்சி பிறந்த கதையை நெட்டையன் எடுத்துக்கொண்டான். துறைமுக வேலைநிறுத்தத்தைக் கட்சி எப்படி அடக்கியது என்பதை, அந்த நாட்டிலிருந்து வந்து படிக்கும் பெண் எழுதினாள்; சொன்னவர் பெயரைப் போடாமல். கட்சிக்கே எழுதிப் பதில் வாங்கும் வேலை மிச்சம்.

"பதிலெல்லாம் வராது. மூட்டைகிட்டயே குடுத்துடு, கனமானதை அவன்தான் தூக்குவான்" என்று அவளிடம் சொன்னான் நெட்டையன். வகுப்பில் என் பெயர் மூட்டைதான். அவள் மட்டும் அண்ணா என்பாள். சில வருஷம் சுமை தூக்கிவிட்டுப் படிக்க வந்தவன் நான்; காலையில் இன்னும் தூக்குகிறேன்.

பதில் வந்தது. "அன்புள்ள தோழருக்கு" என்று தொடங்கியிருந்தார்கள். அந்த வரியைப் பலமுறை படித்தேன். பிறகு ஒரு நியாயமான கேள்வி: துறைமுகத்தில் ஆட்களை அடித்தோம் என்கிறீர்களே, சொன்னது யார்? பெயரில்லாத புகாருக்கு எப்படிப் பதில் சொல்வது?

எங்கள் கிடங்கிலும் அதுதான் வழக்கம். கூலியைப் பிடித்துவிட்டார்கள் என்று எவனாவது முனகினால், "யார்றா அது? முன்னால வாடா" என்பார் மேஸ்திரி. முன்னால் வராதவன் பேச்சு செல்லாது. நான் அப்படி வளர்ந்தவன். சொன்னது அவளுடைய அண்ணன் என்று பெயரோடு எழுதினேன்.

அவனும் சுமைதூக்குகிறவன்தான், வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவன். ஒரு மதியம் கேன்டீனில் அவள் சொன்னாள்: "உங்களை மாதிரியேதாண்ணா. தூக்கறதுக்கு முன்னாடி ஒரு கெட்ட வார்த்தை, இறக்கினதும் ஒரு கெட்ட வார்த்தை. இப்ப துறைமுகத்துக்குப் பின்னாடித் தெருவுல, அத்தை வீட்ல, ரொட்டிக் கடை மாடியில ஒளிஞ்சிருக்கான். திட்டக்கூட வாயைத் திறக்க முடியல, பாவம்." சிரித்தோம். சிரித்து முடித்ததும் சொன்னாள்: "இதை மட்டும் எழுதிடாதீங்க."

கட்டுரையில் எழுதவில்லை. நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கட்சியின் இரண்டாவது கடிதம் இன்னும் மரியாதையாக இருந்தது. தோழரே, அந்த உழைப்பாளியை நேரில் பார்த்துக் குறை கேட்க விரும்புகிறோம், எங்கே பார்க்கலாம் என்றார்கள். துறைமுகத்துக்குப் பின்தெரு, ரொட்டிக் கடை மாடி என்று எழுதினேன். அடுத்த வாரம் முத்திரை குத்திய இரண்டு பக்கப் பதில் வந்தது. வேறெந்தக் குழுவுக்கும் அப்படி வரவில்லை. நீங்கள் அதை வகுப்பில் எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டினீர்கள்.

அதே வாரம் அவள் அண்ணனைக் கூட்டிப்போனார்கள். அத்தை அவனுடைய செருப்பைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே ஓடினாளாம். "போற எடத்துல தேவைப்படாதும்மா" என்றார்களாம். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

இப்போதெல்லாம் நான் மூட்டைக்குக் குனிந்தால் மறுமுனையை யாரோ பிடிக்கிறார்கள். கனம் பாதியாகிறது. காதருகில் ஒரு கெட்ட வார்த்தை கேட்கிறது. "யார்கூடடா பேசறே?" என்கிறார் மேஸ்திரி. சிமெண்ட் தூளில் வெறுங்கால் தடம் இருக்கிறது. என்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். நான் செருப்புப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறேன்.

என்ன கற்றாய் என்று கேட்டீர்கள். குறை கேட்கத்தான் போகிறார்கள் என்று நம்பினேன் என எழுதத்தான் உட்கார்ந்தேன். நம்பவில்லை, ஐயா. மேஸ்திரி கூப்பிட்டு முன்னால் போன எவனும் மறுநாள் வேலைக்கு வந்து நான் பார்த்ததில்லை. இன்னொரு முறை தோழரே என்று எழுதுவார்கள் என்றுதான் அந்த மாடியைச் சொன்னேன்.

நேற்றும் அவள் கேன்டீனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யாருண்ணா சொல்லியிருப்பாங்க?"

"சாப்பிடும்மா" என்றேன்.

அவளுக்கு நான் ஓர் அண்ணனைத் தர வேண்டியிருக்கிறது.