மெழுகு காயட்டும்

பழைய சாமான் விக்கற ஆன்டிக் ஃபேருக்குப் போறவங்க முதல்ல கவனிக்க வேண்டியது செருப்பு. தேஞ்சு போன, காலுக்குப் பழகின செருப்பா இருக்கணும். புதுசு போட்டுட்டு வர்றவங்க பாதி மைதானத்துலயே கால் கடுத்துப் போய், கண்ணுல பட்டத வாங்கிட்டுக் கிளம்பிடுவாங்க. நல்ல சாமான் எப்பவும் கடைசி வரிசையில, வேன் நிறுத்தற எடத்துக்குப் பக்கத்துல, மேல சாக்கு போத்தி இருக்கும். அதுவரைக்கும் நடக்கக் கால் வேணும்.

இதெல்லாம் எதுக்குன்னு நினைக்காதீங்க மேடம். நடந்தத நீயே உன் பேச்சுலயே டைப் பண்ணிக் குடும்மான்னு நீங்கதான் உக்கார வெச்சீங்க. என் பேச்சு இப்படித்தான். எதக் கேட்டாலும் ஃபேர்லேர்ந்துதான் ஆரம்பிப்பேன்.

நானும் அக்காவும் சேர்ந்து வீடு அலங்கரிச்சுக் குடுக்கற வேலை பண்றோம். பண்ணினோம். நான் தேடிப் பிடிப்பேன், அவ அத எந்த வீட்ல எந்தச் செவத்துல வெக்கறதுன்னு முடிவு பண்ணுவா. ஒரு மைதானம் முழுக்கக் கால் ஒடிஞ்ச நாற்காலி, கைப்பிடி போன கூஜா, மூக்கு உடைஞ்ச பொம்மைன்னு கொட்டிக் கிடக்கும். அதுக்கு நடுவுல எது தேறும்னு எனக்குத் தூரத்துலயே தெரிஞ்சிடும். எதையாவது கொத்திட்டு வந்து சேர்றேன்னு அக்கா எனக்கு வெச்ச பேரு காக்கா. அவ போன்ல எனக்குன்னு தனியா ஒரு ரிங்டோன், காக்கா கத்தற சத்தம். கிளையன்ட் வீட்ல முக்கியமா பேசிட்டு இருக்கறப்ப கா கான்னு கத்தும். தங்கச்சி கூப்பிடறான்னு சொல்லி, சிரிக்காம எடுப்பா.

அக்கா நல்லவ. அத முதல்லயே எழுதிடறேன், அப்புறம் மறந்துடுவேன். நான் காலேஜ்ல கோட்ட விட்டப்ப வீட்ல ஆளுக்கொரு பக்கம் வறுத்தெடுத்தாங்க. அவ மட்டும்தான், இவளுக்குப் படிப்பு இல்லாட்டியும் கண்ணு இருக்குன்னு சொல்லி வொர்க்‌ஷாப் சாவிய என் கையில வெச்சா.

அவகிட்ட இருந்த ஒரே குறை, வெட்டுவா. எதக் கொண்டு வந்தாலும் வெட்டி வேற ஒண்ணா ஆக்கினாத்தான் அவளுக்குத் தூக்கம் வரும். நான் தேடிக் கொண்டு வந்த பியானோவுக்கு வயிறக் கிழிச்சு பாட்டில் அடுக்கற அலமாரி ஆக்கினா. ஒரு தடவை தொட்டில் கொண்டு வந்தேன், நாலு மூலையிலயும் சின்னச் சின்னப் பறவை செதுக்கினது. அது இப்ப ஒரு வக்கீல் வீட்டு வாசல்ல செருப்பு ஸ்டாண்டா நிக்குது. பாக்கறவங்க ஆஹா ஓஹோன்னாங்க. நான் அடுத்த ஃபேருக்குப் போயிட்டேன்.

அந்த மர பீரோவப் பாத்ததும் அப்படித்தான், கடைசி வரிசையில. பெரிய குடைக்குக் கீழ உக்காந்து யாவாரம் பண்ற ஒருத்தர் இருக்காரு, நாங்க குடைக்காரர்னுதான் சொல்லுவோம். அவர் சாக்க விலக்கினாரு. கருகருன்னு, ஆள் உயரத்துக்கும் மேல. ரெண்டு கதவுலயும் செதுக்கின ஒரே கொடி. இந்தக் கதவுல கிளம்பி, நடுவுல பொருத்துல ஒளிஞ்சு, அந்தக் கதவுல எட்டிப் பாக்குது. கதவு ஓரம் முழுக்க வெல்வெட் பட்டை ஒட்டியிருந்துச்சு, உள்ள இருக்கற துணிக்குத் தூசி பூச்சி அண்டாம இருக்க. ஒரு கீறல் இல்ல. யாரும் அத வேற ஒண்ணா ஆக்கப் பாக்கல.

இந்த மாதிரி சாமான வாங்கறப்ப ஒரு வழக்கம் உண்டு மேடம். ஒருத்தர் உள்ள போய் நின்னு கதவச் சாத்திக்கணும். பூச்சி அரிச்ச ஓட்டை எங்க இருந்தாலும் ஊசி ஊசியா வெளிச்சம் வரும். உள்ள இருக்கறவங்க எடத்தச் சொல்லணும், வெளிய நிக்கறவங்க சாக்பீஸால குறிச்சுக்கணும். அன்னிக்கு அக்கா உள்ள போனா, நான் வெளிய. குடைக்காரர் கொக்கியைப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு. "கதவு சாத்தினா இந்தக் கொக்கி தானா விழுந்துடும்மா, உள்ளேருந்து திறக்க வராது. வெளிய ஒரு ஆள் இல்லாம யாரும் உள்ள போகக் கூடாது"ன்னாரு. அக்கா உள்ளேருந்தே, எனக்குத்தான் என் காக்கா இருக்கேன்னா.

வொர்க்‌ஷாப்புக்கு வந்ததும் எண்ணெய் போட்டுத் துடைக்கற வேலைய நான் மட்டும்தான் பண்ணினேன். துடைக்கத் துடைக்க அது சிவந்துச்சு. சிரிச்சுக்காதீங்க, ஒரு கட்டத்துல அது என்னைத் தெரிஞ்சுக்கிட்ட மாதிரி இருந்துச்சு.

அப்புறம் பல் டாக்டர் வீட்டு வேலை வந்துச்சு. கதவு ரெண்டையும் கழட்டிக் கட்டில் தலைமாட்டுல பொருத்திடலாம், அடிப்பாகத்த அறுத்து அதுல வாஷ்பேசின் உக்கார வெக்கலாம்னு அக்கா படம் போட்டுக் குடுத்துட்டா. கார்பென்டர் அண்ணன் எந்த நாள் வர்றாருன்னு முடிவானப்புறம்தான் எனக்குச் சொன்னா. வேற பீரோ தேடித் தர்றேன், இத விட்டுடுன்னு கேட்டேன். நல்லாத்தான் கேட்டேன். கெஞ்சினேன்னே வெச்சுக்கோங்க.

"அது மரம்டி. உனக்கு மாப்பிள்ளையா பாத்திருக்கேன்?" ன்னு சிரிச்சா.

நானும் சிரிச்சேன். நல்ல ஜோக்குதான்.

கார்பென்டர் வர்றதுக்கு முந்தின நாள் ஃபேர். காலையில ஓட்டையெல்லாம் அடைச்சு முடிச்சுட்டு ரெண்டு பேரும் சேர்ந்து போறதாத்தான் பேச்சு. வாங்கறப்பப் போட்ட சாக்பீஸ் குறியெல்லாம் நான் எண்ணெய் போட்டுத் துடைச்சதுல போயிடுச்சு. அறுத்துட்டா அப்புறம் உள்ள இருட்டு கிடைக்காதே, ஓட்டை எப்படித் தெரியும்? அதனால முன்னாடியே அடைச்சிடணும். அக்காவுக்கு வேலை சுத்தமா இருக்கணும்.

செருப்பக் கழட்டி ஓரமா விட்டுட்டு உள்ள ஏறினா. கதவச் சாத்தினேன், கொக்கி விழுந்துச்சு. நான் கலர் மெழுக இளக்கிக் கையில வெச்சிருந்தேன். மேல வலது பக்கம்னா. அடைச்சேன். முழங்கை உயரத்துல பக்கத்துப் பக்கத்துல ரெண்டுன்னா. அடைச்சேன். முதுகுப் பலகை, கொடியோட கணு, கால்கிட்ட ஒண்ணு. நடுவுல கதையும் பேசினா. உள்ள நல்லா வாசனையா இருக்குடி, இப்படியே ஒரு தூக்கம் போடலாம் போலன்னா. ஃபேர்ல எனக்கு ஒரு கண்ணாடி ஜாடி வாங்கித் தர்றேன்னா.

கடைசியா சாவி ஓட்டை. "உன் மூக்கு தெரியுதுடி காக்கா. இது வழியாத்தான் வெளிச்சம் கொட்டுது"ன்னா. சிரிச்சுட்டே சொன்னா. ஆனா அவதான் சொன்னா. அதையும் அடைச்சேன்.

"சூப்பர். இப்ப ஒண்ணுமே தெரியல. திற."

திறக்கத்தான் கை போச்சு மேடம். இத நீங்க நம்பணும். கையெல்லாம் மெழுகு. கொக்கியத் தொட்டா பித்தளையில ஒட்டிக்கும், அப்புறம் போகவே போகாது. அதனால, "இரு அக்கா, மெழுகு காயட்டும்"னேன்.

"சரி"ன்னா.

எனக்கு வேற ஒண்ணும் தோணல. நாளைக்கு இத அறுக்க மாட்டாங்கன்னு மட்டும் தோணுச்சு. மனசு ரொம்ப லேசா இருந்துச்சு. நான் அன்னிக்குப் புதுச் செருப்பு. ஃபேருக்கு அது ஆகாது. அக்கா செருப்பு பழகினது, எனக்கும் அதே அளவுதான். போட்டுட்டுக் கிளம்பினேன். முதல்ல மெதுவாத்தான் தட்டினா, பக்கத்து வீட்டுக் கதவத் தட்டற மாதிரி, மரியாதையா. அப்புறம் எப்படித் தட்டினான்னு எனக்குத் தெரியாது. ஷட்டர இறக்கிட்டேன். பக்கத்துலயே கல் அறுக்கற பட்டறை, காலையிலேர்ந்து மெஷின் ஓடும். தெருவுல நின்னா நம்ம பேச்சே நமக்குக் கேக்காது.

ஃபேர் அன்னிக்கு நல்லா இருந்துச்சு. இதச் சொல்லக் கூடாதோ என்னவோ. ஆனா நடந்தத அப்படியே எழுதுன்னு சொல்லியிருக்கீங்க. வெயில் இதமா இருந்துச்சு, கூட்டம் இல்ல. பழைய கதவு கைப்பிடிங்கள ஒரு தட்டுல கொட்டி வெச்சிருந்தாங்க. பீரோவோட உள் டிராயர்ல ஒரு குமிழ் இல்ல. நான் எத்தனை ஃபேர்ல தேடியிருப்பேன் தெரியுமா. அந்தத் தட்டுல விரல விட்டுத் துழாவினேன், அப்படியே கையில வந்து உக்காந்துச்சு. அதே பூ, அதே தேய்மானம். எனக்குத் தலகால் புரியல. உடனே அக்காவுக்குப் போன் அடிச்சேன்.

ரிங் போச்சு. எடுக்கல. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு.

போன் வேலை மேஜை மேலதான் இருந்திருக்கு. பீரோவுக்கு எதிர்ல. இருட்டுக்குள்ள அவளுக்குக் காக்கா கத்தறது கேட்டிருக்கும். நான்தான் கூப்பிடறேன்னும் தெரிஞ்சிருக்கும்.

சாயந்தரம் திரும்பி வந்தேன். செருப்ப இருந்த எடத்துலயே விட்டேன். சாவி ஓட்டை மெழுக மட்டும் சுரண்டி எடுத்தேன், ஏன்னா சாவி ஓட்டைய அடைக்கற வழக்கம் இல்ல. அப்புறம் கொக்கியத் தூக்கிட்டு, அக்கா வீட்டுக்காரருக்குப் போன் பண்ணினேன். அவர மாமான்னுதான் கூப்பிடுவேன். நான் ஃபேருக்குப் போன நேரத்துல தனியா உள்ள போய்ப் பாத்திருக்கா, கொக்கி விழுந்துடுச்சுன்னேன். எல்லாரும் நம்பிட்டாங்க. என் மிஸ்டு கால் வேற இருந்துச்சே. பூட்டி வெச்ச ஆளுக்கு யாராவது போன் பண்ணுவாங்களா?

குடைக்காரர் துக்கம் விசாரிக்க வந்து, வெளிய ஒரு ஆள் நிக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மான்னு தேம்பித் தேம்பி அழுதாரு. ஒரு ஆள் நின்னுச்சேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு எனக்கு.

அதுக்கப்புறம் வொர்க்‌ஷாப்ல நானும் பீரோவும்தான். ஷட்டரத் தூக்கினா, பீரோவுக்குக் கீழ பருப்பு பருப்பா மெழுகு உதிர்ந்து கிடக்கும். மரம் காய்ஞ்சு சுருங்கினா அப்படி ஆகும், எனக்குத் தெரியாததில்ல. மறுபடி இளக்கி அடைப்பேன். எந்த ஓட்டைன்னு நான் தேட வேண்டியதே இல்ல. மேல வலது பக்கம்னு கேக்கும். முழங்கை உயரத்துல ரெண்டுன்னு கேக்கும். கோபமா இல்ல, வேலை சொல்ற குரல்தான். ஒவ்வொரு தடவையும் வரிசை மாறாம வந்து கடைசியில சாவி ஓட்டைகிட்ட நிக்கும். அங்க எதுவும் சொல்லாது. மூச்சு மட்டும் வரும். சில நாள் உள்ளேருந்து காக்கா கத்தும். போன் மாமாகிட்ட இருக்கு, தெருவுல நெஜக் காக்காவும் இருக்கு, அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் எழுந்து போய், சொல்லுக்கான்னு நிப்பேன். சரின்னு ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான். நாங்க ரெண்டு பேரும் அப்படிப் பழகிட்டோம்.

நேத்து மாமா கார்பென்டர் அண்ணனோட வந்து நின்னாரு. அவ உயிரக் குடிச்ச சனியன் இது, துண்டு துண்டா அறுத்துக் கொளுத்தினாத்தான் நான் சோறு திம்பேன்னாரு. ரம்பம் கூடவே வந்திருந்துச்சு. காலையில வாங்க மாமா, உள்ள என் சாமான் கொஞ்சம் இருக்குன்னு சொல்லி அனுப்பினேன். பொழுது விடிஞ்சதும் நேரா ஸ்டேஷனுக்கு, உங்ககிட்ட வந்துட்டேன். மனசாட்சி உறுத்துச்சு மேடம். அக்காவுக்கு நியாயம் கிடைக்கணும். வேற எதுக்காகவும் இல்ல.

ஆமா, நான்தான் கொன்னேன். தெரிஞ்சேதான் பண்ணினேன். எங்க வேணாலும் கையெழுத்துப் போடறேன்.

இப்ப அந்த பீரோ கேஸுக்கு ஆதாரம் இல்லையா. ஆதாரத்த யாரும் அறுக்க முடியாதுன்னு நீங்களே சொன்னீங்க, அந்த வரிய மட்டும் தயவுசெஞ்சு எழுத்துல குடுத்துடுங்க. வைக்கற எடத்துல ஈரம் வேண்டாம், நேர் வெயிலும் வேண்டாம். குமிழ் என் பையில இருக்கு, டிராயர்ல மாட்டிடுங்க. பரிசோதனைன்னு சொல்லி கதவ மட்டும் கழட்டிடாதீங்க. ஓட்டை பாக்கணும்னா அதுக்கு வழக்கம் இருக்கு. உங்கள்ல யாராவது ஒருத்தர் உள்ள போங்க, நான் வெளிய நிக்கறேன்.