கிணற்றடிக் கல்லறைக்கு ஒரு வரி

— “1874 பிப்ரவரி 9. தின்-அகூர் கிணறு. வெளிநாட்டுப் பயணி மார்சான் இங்கே இறந்தார்.” பலகையில இது வரைக்கும் எழுதிட்டேன், கமீத் மச்சான். எப்படிச் செத்தார்ங்கற ஒரு வரிதான் பாக்கி.

— அதுக்கென்ன யோசனை, கூமா? “விருந்தாளியை என் கொள்ளுத்தாத்தா அனாபா கொன்னார்”னு எழுது. பெயிண்ட் மிச்சமிருந்தா கீழ ஒரு ஒட்டகம் வரை.

— உன் வாயில மண்ணள்ளிப் போட.

— நானா சொல்றேன்? ஊரே சொல்லுது. வழிகாட்ட அனாபா, கூட மார்சான்னு ரெண்டு பேரா வடக்க போனாங்க, அனாபா மட்டும் திரும்பினார். வந்தவர் ஒரு வருஷம் வாயே திறக்கலை. குத்தமுள்ள நெஞ்சு பேசுமா? நீ காலியா விட்டா, நாளைக்கு வர்ற அதிகாரிங்க ஊர்ப்பேச்சைத்தான் எழுதுவாங்க. அப்புறம் என் வீட்டுக்காரி உன் மகனுக்குப் பொண்ணு தரமாட்டா.

— பிணத்தைப் புதைச்சது யாரு?

— எங்காளுங்க. இந்தக் கிணத்தடியிலதான் கிடந்தார்.

— முகத்திரையை விலக்கிப் பாத்தாங்களா?

— செத்தவனா இருந்தாலும் ஒரு ஆம்பளையோட வாயைப் பாக்கறதா? எங்க வம்சத்துல அந்த அசிங்கம் கிடையாது.

— அப்ப மார்சான்னு எப்படித் தெரிஞ்சுது?

— கால்ல பூட்ஸ். இந்தப் பக்கம் வேற எவன் போட்டான்?

— அனாபா போட்டார். ஆசையா இருக்குன்னு கேட்டு வாங்கினார். காலமெல்லாம் செருப்புல திரிஞ்ச ஆளு. உதறிட்டுத்தான் காலை விடணும்னு தெரியலை. உள்ள தேள்.

— உளறாதே. அப்ப திரும்பி வந்தது?

— மார்சானுக்கு வழி தெரியாது. அனாபாவோட ஒட்டகம் போன பக்கம் போனார். அது நேரா எங்க கூடாரத்து வாசல்ல படுத்துது. நம்ம ஆம்பளைங்க மாதிரியே அவரும் முகத்திரை போட்டிருந்தார், ஊரே “வாங்க அனாபா”ன்னுச்சு. இல்லைன்னு சொல்ல அவருக்குப் பாஷை வரலை. தெரிஞ்சதே மூணு வார்த்தை: தண்ணி, பேரீச்சம்பழம், நன்றி.

— பொண்டாட்டிக்குமா தெரியலை?

— முதல் நாளே தெரிஞ்சுது. அனாபா ஒரு குவளை கழுவினதில்லை. இவர் சாப்பிட்ட தட்டைக் கழுவி வச்சார். அவ மூச்சு விடலை. எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்குள்ளயே வச்சிருந்தது; இந்தக் கல்யாணம் நின்னுடுமேன்னு எங்கம்மா நேத்துதான் எனக்குச் சொன்னா. சிரிக்காதே, திரை ஆடுது.

— அப்ப உங்க வீட்டு ஆளு யாரையும் கொல்லலை.

— இல்லை. செத்ததுதான் எங்க வீட்டு ஆளு.

— சரி, பொண்ணு உங்களுக்குத்தான். என்ன எழுதப்போற?

— தேதி, கிணறு, ‘இங்கே’ எல்லாத்தையும் அழிச்சிட்டேன். “மார்சான் இறந்தார். அனாபாவின் கூடாரத்தில், ஒன்பது பிள்ளைகளுக்குப் பின், முதுமையால்.”